நெஞ்சில் இரண்டு தட்டு

எங்கள் வீட்டில் யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பியதில்லை. சொன்னாலும் அப்பாவுக்குக் கேட்டிருக்காது. வாசலில் நின்று வலது கையை உயர்த்தி, கதவுக் குமிழைத் திருகுவதுபோல ஒரு திருகு திருகுவோம். உள்ளே இருப்பவர் தன் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டுவார். அவ்வளவுதான், கிளம்பிவிடலாம். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் வழக்கம் என்று கல்லூரிக்குப் போகும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் லேத் மெஷின் ஓட்டியவர். அவர் இருந்த பிரிவில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்குமாம். அதனால் அங்கே இருந்தவர்கள் கையாலேயே பேசிக்கொண்டார்கள். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. சட்டைக் காலரைத் தடவினால் அதிகாரி வருகிறார். காது மடலை இழுத்தால் சங்கு ஊதப்போகிறது. கையைத் திருகினால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொள் என்று அர்த்தம். பக்கத்து மெஷின்காரர் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினால், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா என்று பதில்.

இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒருமுறை அப்பாவைக் கேட்டேன். “யாரு சொல்லித் தருவா? பாத்தேன், வந்துட்டு” என்றார். அப்பா திருநெல்வேலிக்காரர். எதற்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் பதில் கிடைக்காது. ஆனால் அந்த இரண்டு வார்த்தையையும் தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். காது மந்தமானவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாது.

வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருப்பார்கள். ஒன்றும் ஓடாது. கூரையில் புறா சிறகடிப்பதுகூடக் கேட்கும். அந்த அமைதியிலும் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். பொரிப் பொட்டலம் இன்னொன்று வேண்டுமா என்று ஒருவர் விரலைக் காட்டிக் கேட்பார். போதும் என்று அப்பா உள்ளங்கையைக் கவிழ்ப்பார். வாய் இருக்கும்போது ஏன் இப்படி என்று நான் அம்மாவின் முந்தானையை இழுத்துக் கேட்டேன். “இங்க வந்தா கைதான் பேசும் போல” என்றாள் அம்மா. அவளும் அதைக் கையைக் காட்டியேதான் சொன்னாள்.

அம்மா கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோதே அப்பாவுக்குக் காது பாதி போயிருந்ததாம். புதுப் பெண்ணுக்குப் புருஷனிடம் கத்திப் பேசக் கூச்சம். மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்காது. கத்தினால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாருக்கும் கேட்கும். கொஞ்ச நாள் இருவரும் பேசாமலேயே குடித்தனம் செய்திருக்கிறார்கள். எதிர் பிளாக்கில் இருந்த அப்பாவின் கூட்டாளி மாடிப்படியில் நின்று கையைக் காட்டுவதையும், அப்பா ஜன்னலில் நின்று பதில் காட்டுவதையும் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் பால்கனியிலிருந்து, கீழே சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தாளாம். அப்பா துணியைப் போட்டுவிட்டு டீ குடிக்க மேலே வந்துவிட்டார். எங்கள் அம்மா அப்பாவுக்குக் காதல் உண்டென்றால் அது அன்றைக்குத்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

பிறகு வீட்டுக்கு வேண்டியதையும் சேர்த்துக்கொண்டார்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தால், தொழிற்சாலையில் இரும்புத் தூள் சேர்ந்துவிட்டது, கூட்டித் தள்ளு என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது உப்பு. சாம்பாரில் உப்பு இல்லையென்றால் அப்பா விரலைத் தேய்ப்பார். ரசத்தில் கூடிப்போயிருந்தால் விரலைத் தேய்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே விரலைத் தேய்த்து உப்புக் கேட்டேன் என்று அம்மா சொல்லுவாள். அம்மா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள் என்றாலும் இதை நான் நம்புகிறேன்.

குவார்ட்டர்ஸில் எந்த ஊர்க்காரர்கள்தான் இல்லை. எங்கள் வீட்டில் ஏட்டி, எதிர் வீட்டில் ஏனுங்க, கீழ் வீட்டில் இன்னா. ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேலி செய்துகொண்டே இருப்போம். கை மட்டும் எல்லாருக்கும் பொது. எங்கள் பிளாக் பிள்ளைகள் ஒளிந்து விளையாடினால் தேடுகிறவர் பாடு திண்டாட்டம்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருத்தியும், சைக்கிள் ஷெட்டில் ஒருத்தனும் இருந்துகொண்டு, தேடுகிறவர் எந்தப் பக்கம் போகிறார் என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொள்வோம். எவருடைய அப்பாவாவது கோபமாக வந்தால் ஒருத்தர் காலரைத் தடவினால் போதும், மைதானம் காலியாகிவிடும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். தலைமை ஆசிரியை வராந்தாவில் திரும்பும்போது ஜன்னலோரம் இருப்பவர் காலரைத் தடவ, வகுப்பே கப்சிப். எங்கள் தமிழ் டீச்சருக்கு இது பெரிய ஆச்சரியம். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிகிறது என்று கேட்டுப் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அவரும் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். அந்த வருஷக் கடைசியில் தலைமை ஆசிரியை வரும்போது அவரே எங்களைப் பார்த்து, புடவைக்குக் காலர் ஏது, தோள் பின்னைத் தடவினார். தடவிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதில் அப்பாவுக்கு மட்டும் சந்தோஷமே கிடையாது. நாங்கள் கையை ஆட்டுவதைப் பார்த்தால் எரிச்சல் வரும். “ஃபாக்டரிப் பழக்கத்த வீட்டுக்குள்ள கொண்டு வராதிய” என்று கத்துவார். கொண்டு வந்ததே அவர்தான் என்பது அவருக்கு உறைக்காது. நான் நன்றாக இங்கிலீஷ் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. தினமும் சாயங்காலம் இங்கிலீஷ் பேப்பரை எதிரே விரித்து வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுவார். அவருக்குக் கேட்காது என்பதால் நான் வாயை மட்டும் அசைப்பேன். அவர் முழு மனதோடு தலையாட்டிக்கொண்டிருப்பார். அந்த இங்கிலீஷ் எனக்கு இன்று வரை சரியாக வரவில்லை. அவர் சொல்லித் தராமலேயே வந்தது மட்டும் போகவே இல்லை.

காலையில் அப்பா வேலைக்குக் கிளம்புவதுதான் எனக்கு மிகவும் ஞாபகத்தில் இருப்பது. முதல் சங்கு ஊதினதும் குவார்ட்டர்ஸ் தெருவெல்லாம் சைக்கிள். அப்பா கீழே இறங்கி, சைக்கிளில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு, இரண்டாவது மாடி பால்கனியை நிமிர்ந்து பார்த்துக் கையைத் திருகுவார். அம்மா நெஞ்சில் இரண்டு தட்டு தட்டுவாள். உடனே அவர் மிதிக்கத் தொடங்கிவிடுவார். நான் கம்பிக்கு இடையில் மூக்கை நுழைத்து, தெருமுனை வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளாவது திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருப்பேன். பார்த்ததே இல்லை. கீழ் வீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தன் பெண்ணுக்கு டாட்டா காட்டிக்கொண்டே போவார். எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிரே போய் நின்றேன். அவரிடம் பேச வேண்டுமென்றால் உதடு தெரிகிற மாதிரி எதிரே நிற்க வேண்டும். ஏன் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். அபூர்வமாக அன்று நாலு வார்த்தை கூடுதலாகவே சொன்னார்.

“தட்டுன பொறவு திரும்பிப் பாக்கக் கூடாதுட்டி. பாத்தா, அவன்மேல நம்பிக்கை இல்லன்னுல்லா அர்த்தம். பாத்துக்கிடுதேன்னு ஒருத்தன் சொல்லிட்டாம்னா, போயிரணும்.”

தொழிற்சாலையில் அதுதான் மரியாதையாம். தட்டினவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிற ஆளுக்கு அடுத்த தடவை யாரும் தட்ட மாட்டார்களாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு ஆத்திரம் போய்விட்டது. அம்மாதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள், அப்பா அம்மாவை நம்பிப் போகிறார் என்று புரிந்தது. ஆனாலும் அவர் தெருமுனை திரும்பும் வரை அம்மா பால்கனியை விட்டு நகர மாட்டாள். போகிறவர்தான் திரும்பக் கூடாது, நிற்கிறவர் பார்க்கலாம் போலிருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்தேன். மாமியார் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டது எல்லாம் பூந்தமல்லி. நல்ல மனசு, பெரிய குரல். தெரு முனையில் போகிற காய்கறி வண்டியைத் தன் வாசலில் இருந்தபடியே நிறுத்திவிடுவார். நான் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மாடியில் வடாம் காயப்போட்டிருந்தார்.

“யம்மா, நான் மாங்காடு கோயிலாண்ட போயிட்டு வந்துர்றேன். வடாம் மேல ஒரு கண்ணு வெச்சிக்கோ” என்றார்.

நான் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “இன்னாம்மா, மாரு வலிக்குதா?”

“இல்ல அத்தை, நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்.”

“எங்க சொன்ன? நெஞ்சப் புட்ச்சிகினு நிக்கிற. புதுப் பொண்ணு, சொல்றதுக்கு பயந்துகினு கீற. வா, டாக்டராண்ட போலாம்.”

நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளினிக்கில் கொண்டுபோய்ப் படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்றார். திரும்பி வந்து பார்த்தால் காக்கைகள் வடாத்தைத் தீர்த்திருந்தன. விஷயம் தெரிந்து என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய சொந்தக்காரர்கள் மட்டும் ரொம்ப நாளைக்கு என்னை எங்கே பார்த்தாலும், “இப்ப நெஞ்சு எப்டிம்மா கீது?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல் இந்தப் பழக்கமே வேண்டாம் என்று அன்று முடிவு செய்தேன். முடிவு செய்து என்ன பயன், கை கேட்க வேண்டுமே. வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அது தானாக மேலே போய்த் திருகிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு எனக்கு. ஒரு வருஷம் கழித்திருக்கும், ஒரு காலை என் கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையைத் திருகினார். நான் அசந்துபோய், இது உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். “யாரு சொல்லிக் குடுக்கணும்? நீதான் டெய்லி பண்றியே” என்றார். அவர் அதைத் தெரிந்து செய்யவே இல்லை. நான் கேட்ட பிறகுதான் தன் கையையே பார்த்தார்.

நான் கர்ப்பமாக இருந்தபோது அப்பா போய்ச் சேர்ந்தார். ஓய்வு பெற்ற பிறகு, குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு வேப்பம்பட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தார். அங்கேதான் கிடத்தியிருந்தோம். அவரோடு வேலை பார்த்தவர்கள் பலர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது, பாதிப் பேருக்குக் காது கேட்கவில்லை. அழுகிற வீட்டில் அவர்கள் ஒரு ஓரமாக நின்று கையால் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தியபோது, அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினாள். மாரடித்து அழுகிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அப்பாவின் கூட்டாளிகளுக்குத் தெரிந்தது. அவர்களும் ஒவ்வொருவராகத் தட்டினார்கள். வண்டி புறப்பட்டது. அப்பா வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் நான் அம்மாவைக் கேட்டேன், அப்பாவால்தான் பார்க்க முடியாதே, யாருக்குத் தட்டினாய் என்று. “அவுக பாக்காட்டா என்ன, நான் தட்டணும்லா” என்றாள்.

மகள் பிறந்தாள். அவள் பிறந்த கொஞ்ச காலத்தில் எங்கள் பக்கம் மெட்ரோவுக்குத் தூண் இறக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வீடு டிரங்க் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. காலையில் தொடங்கினால் தரையும் ஜன்னலும் அதிரும். மாமியாரின் குரலுக்கே அங்கே மரியாதை போய்விட்டது. வாசலில் இருந்து அவர் கத்தினால் சமையலறைக்கு வராது. கொஞ்ச நாள் மெட்ரோக்காரர்களைத் திட்டிப் பார்த்தார். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு நாள் கூடத்தில் இருந்தபடி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தார். நான் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதிலிருந்து நான் வேலைக்குக் கிளம்பிக் கையைத் திருகினால், அவர் முகவாயைத் தூக்கிக்கொண்டு, சண்டைக்குப் போகிற தோரணையில் நெஞ்சில் பொத் பொத்தென்று தட்டுவார். இ.சி.ஜி. எடுத்த அதே மாமியார்தான்.

இப்படி எல்லாரும் எல்லாரையும் பார்த்துக் கற்றுக்கொண்ட குடும்பத்தில், என் மகள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. முதலில் காதைத்தான் சோதித்தார்கள். அப்பாவை நினைத்து எனக்கு அந்தப் பயம்தான் இருந்தது. காது நன்றாகக் கேட்டது. அம்பத்தூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில், குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற இடத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்தவள் சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. தரையில் உட்கார்ந்து என் மகளோடு வெகுநேரம் விளையாடிப் பார்த்தாள். அவள் கை தட்டினால் இவள் தட்டவில்லை. டாட்டா காட்டினால் காட்டவில்லை. பந்தை உருட்டினால் பந்து போகிற பக்கம் பார்த்தாளே தவிர, உருட்டியவளைப் பார்க்கவில்லை.

“பேச்சு அப்புறம் வரும் மேடம்” என்றாள் அந்தப் பெண். “பேசறதுக்கு முன்னாடி, நம்மளப் பாத்து அதே மாதிரி செய்யணும். அது வந்துட்டாப் போதும், மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா வரும். அதுதான் இன்னும் வரல.”

வராமலே போனால் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வெளியே நாற்காலியில் இன்னொரு குழந்தை, அந்தப் பெண் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிடுவதைப் பார்த்து, இல்லாத கண்ணாடியைத் தன் மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் அம்மா அதைப் பார்க்காமல் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டில் அன்றிலிருந்து கை தட்டல்தான். மாமியார் தட்டினார், கணவர் தட்டினார், பால் பாக்கெட் போடுகிறவர்கூட விஷயம் கேள்விப்பட்டு வாசலில் நின்று நாலு தட்டு தட்டிவிட்டுப் போனார். என் கணவர் காக்கை மாதிரி கத்தினார், குரங்கு மாதிரி குதித்தார். அலுவலகத்தில் மேனேஜராக இருக்கிற மனுஷன். என் மகள் அவரைத் தாண்டி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாலே அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிற நிலைமை வந்தது. ஒரு நாள் மாமியார் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைக்க, அவள் வீறிட்டு அழுதாள். நான் பொறுமை இழந்து கத்திவிட்டேன். இனிமேல் இந்த வீட்டில் யாரும் கை தட்டக் கூடாது என்றேன். மெட்ரோ இரைச்சலிலும் அது எல்லாருக்கும் கேட்டது.

அடுத்த முறை போனபோது அந்தப் பெண்ணிடம் சொன்னேன், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம், எனக்கு முடியவில்லை என்று. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“நிறுத்துனது நல்லதுதான்” என்றாள். “வீட்ல வழக்கமா என்ன நடக்குமோ அது அவ கண்ணு முன்னாடி நடக்கட்டும். அவ பாக்கலன்னு நெனைக்காதீங்க. சில பிள்ளைங்க ஓரக்கண்ணாலதான் பாப்பாங்க. அப்புறம் ஒண்ணு, என்னிக்காவது ஏதாவது செஞ்சாள்னா, எல்லாரும் ஓடிவந்து கொண்டாடாதீங்க, பயந்துருவா. அவ செஞ்சதுக்கு என்ன பதிலோ அது கெடைச்சாப் போதும். தண்ணி கேட்டா தண்ணி குடுங்க. அவ்ளோதான்.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்பிக்கை ஒன்றும் பெரிதாக இல்லை. வீடு பழையபடி ஆனது. டீக்குக் கட்டைவிரல், உப்புக்கு விரல் தேய்ப்பு, கிளம்பும்போது ஒரு திருகு, இரண்டு தட்டு. மகள் வாசல் படியில் உட்கார்ந்து, ஒரு டப்பா மூடியைச் சுற்றிவிட்டு, அது சுழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தினமும் காலையில் அவளைத் தாண்டித்தான் வண்டியை வெளியே எடுப்பேன். அவள் தலையில் கையை வைத்தால் தலையை நகர்த்திக்கொள்வாள். அம்பத்தூர் போய்ச் சேரும் வரை அந்த நகர்த்தல் என் கையிலேயே இருக்கும்.

போன வாரம் ஒரு காலை. வெளியே தூண் இறக்குகிற சத்தம் காதைப் பிளந்தது. மாமியார் கேட்டுக்கு வெளியே கீரைக்காரம்மாவோடு கையாலும் வாயாலும் வாதாடிக்கொண்டிருந்தார். நான் வண்டியைக் கிளப்பி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவரைப் பார்த்துக் கையைத் திருகினேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஹாரன் அடிக்கலாமா என்று பார்த்தேன்.

படியில் இருந்த என் மகள் எழுந்து நின்றாள். மூடி அவள் காலடியில் சுழன்றுகொண்டிருந்தது. அவள் கண் என்மேல் இல்லை, வண்டியின் சக்கரத்தில் இருந்தது. வலது கையை விரித்து, நெஞ்சில் என்று சொல்ல முடியாது, வயிற்றுக்குச் சற்று மேலே, ஒரு தட்டு தட்டினாள். பிறகு இன்னொன்று.

சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கும், தட்டிவிடுகிறாள் என்று நினைத்தேன். அதைவிட வேறு எதையும் நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. நான் அசையாமல் நிற்கவும் அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மாமியார் செய்வது மாதிரியே முகவாயைத் தூக்கிக்கொண்டு, பொத் பொத்தென்று மறுபடியும் தட்டினாள். தட்டிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டின பிறகும் இந்த அம்மா ஏன் இன்னும் போகவில்லை என்று காத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளை அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மாமியாரைக் கூப்பிட வேண்டும், இன்னொரு தடவை தட்டச் சொல்லிப் போனில் படம் பிடிக்க வேண்டும், பேச்சுப் பயிற்சி தருகிற அந்தச் சின்னப் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும். பைக்குள் இருந்த போனிடம் கை போயும்விட்டது. அப்போது அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது, செய்ததற்கு என்ன பதிலோ அது கிடைத்தால் போதும் என்று. இதற்கு என்ன பதில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை எத்தனையோ காலைகள் பால்கனிக் கம்பிக்கு இடையில் மூக்கை நுழைத்துப் பார்த்திருக்கிறேன்.

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

கண்ணாடியில் எங்கள் வீட்டு வாசல் தெரியும். அதையும் பார்க்கக் கூடாது என்று கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். அதில் பாதி கட்டின மெட்ரோ தூணும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க முடியாது. கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. அவள் இன்னும் நிற்கிறாளா, உட்கார்ந்துவிட்டாளா, மூடியைக் கையில் எடுத்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ள உயிர் துடித்தது. அப்பாவும் ஒவ்வொரு நாளும் அந்தக் குவார்ட்டர்ஸ் தெருமுனை வரைக்கும் இப்படித்தான் போயிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அவர் முதுகை மட்டும் பார்த்துவிட்டு, அவருக்குத் திரும்பத் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பைபாஸுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, வேப்பம்பட்டுக்குப் போன் போட்டேன். அழுகையும் சத்தமுமாக நான் சொன்னது அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். முழுவதையும் இரண்டாம் முறை சொன்னேன். கையைத் திருகினேன், பிள்ளை தட்டினாள் என்று. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நீ திரும்பிப் பாத்தியாட்டி?”

“பாக்கலம்மா” என்றேன்.